பெல்ட் மறைப்புகள் போன இடம்

பிளாஸ்டிக் கண்ணாடியை அறுக்கிறவன் அதன் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தை உரிக்கக் கூடாது. முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். பளபளப்பைப் பார்க்கிற ஆசையில் உரித்துவிடுவார்கள். அப்புறம் கீறல் விழுந்துவிட்டதென்று ரம்பத்தைத் திட்டுவார்கள்.

இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. காலையில் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வருகிறேன். இந்த ஈரக்காற்றில் கற்பூரம் மூன்று தடவை தானாகவே அணைந்தது. நான்காவது தடவை அணைத்தது நான். ஆக நாலு சத்தியம் ஆகிவிட்டது. உங்கள் விசாரணைக்கு ஒன்று போதும், மீதியை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஐயா ஹட்டனிலிருந்து இந்த மழையில் வந்திருப்பது, ஸ்டோர் மிசின்களின் பெல்ட்டுகளுக்குப் போட்டிருந்த கண்ணாடி மறைப்புகள் எங்கே போயின என்று கேட்க. திருட்டு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடலாம். ஒரு மறைப்புகூடத் தோட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. அதாவது, மறைப்பு என்கிற உருவத்தில் போகவில்லை. கழற்றியது நான்தான். நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், அடுப்பும் நன்றாக எரிகிறது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்கிறோம். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் ஆட்கள் இரண்டே வகை. மலையில் நனைகிறவர்கள், ஸ்டோரில் காய்கிறவர்கள். மலையில் அட்டை, மழை, சறுக்கல், கையில் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி. ஸ்டோரிலோ அனல் காற்று விடுகிற டிரையர். அதன் பக்கத்தில் நின்றால் மார்கழியிலும் முதுகு வேர்க்கும். மிசின் பழுது பார்க்கிற வேலை எனக்கு. நான் மட்டுமில்லை, முப்பத்திரண்டு பேர் அந்த அனலில் சொகுசாக இருந்தோம்.

அறுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை அதைக் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். நம் தேயிலையில் வாசமே இல்லையாம், வெந்நீருக்கும் அதற்கும் நிறம் மட்டுமே வித்தியாசமாம். வருஷம் முடிவதற்குள் தேறாவிட்டால் ஸ்டோரை மூடிவிட்டு, கொழுந்தை லொறியில் ஏற்றிக் கீழே வேறு ஸ்டோருக்கு அனுப்புவார்களாம். ஸ்டோர் ஆட்கள் அத்தனை பேரும் மலைக்கு.

எஞ்சினைக் கவனிக்கிற செல்லசாமி என் காதோடு சொன்னான்: “கந்தப்பண்ணே, பன்னெண்டு வருசமாக் காஞ்ச காலு. அட்டைங்க பாத்தா புதுச்சோறுன்னு பந்தி போட்டு ஒக்காந்துருமே.”

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். எது நடந்தாலும் மலைக்குப் போவதில்லை. இந்த வாக்குமூலத்தில் நீங்கள் அடிக்கோடு போட வேண்டிய இடம் இது. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

ஸ்டோரில் தேயிலையைப் பக்குவப்படுத்துகிற பொறுப்பு முழுவதும் டீமேக்கர் கனகலிங்கத்துக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். தேயிலை பக்கத்திலிருக்கிற வாசத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவருக்குச் சாமி மாதிரி. ஸ்டோர் வாசலில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். உள்ளே வருகிற பெண்கள் தலைப்பூவை அந்த ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். வெங்காயம் தின்றவன் வெளியே நின்று ஐம்பது தடவை மூச்சு விட்டுவிட்டு வர வேண்டும். தலையில் எண்ணெய் அதிகமென்றால் மழையில் நிறுத்திவிடுவார்.

சல்லடையில் வேலை செய்கிற நாகலெட்சுமிக்கும் அவருக்கும் தினமும் இதே பாட்டுதான்.

“பூவைக் கழட்டிப்போட்டு வா பிள்ளை. தேயிலை எல்லாத்தையும் இழுத்துப்போடும் எண்டு எத்தனை தரம் சொன்னனான்.”

“கழட்டிடுறேங்க. ஐயா மூஞ்சியில பூசியிருக்கிற பவுடரு, அத எந்த ஆணியில மாட்டுறதுங்க?”

மறுநாளிலிருந்து அவர் பவுடர் பூசுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவு நேர்மை.

கடிதம் வந்த அதே மாதம் செல்லசாமியின் வேட்டியை எஞ்சின் பெல்ட் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, அவன் வேட்டியை இறுக்கிக் கட்டுகிறவன் இல்லை. வேட்டி மட்டும் போனது. சாயங்காலம் எஞ்சின் நிற்கிற வரைக்கும் கூரையோரம் ஓடுகிற இரும்புத் தண்டில் கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் நின்றபடியே மிச்ச வேலையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துத்தான் ஆலைகளைப் பரிசோதிக்கிற அதிகாரி வந்தார். எல்லா பெல்ட்டுக்கும் மறைப்புப் போட வேண்டும் என்று உத்தரவு எழுதினார். துரைக்கோ பெல்ட் ஓடுகிறதா இல்லையா என்று தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். அதனால் கொழும்பிலிருந்து கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தகடு ஆறு வந்து இறங்கியது. கதவு அளவு. காகிதத்தில் அக்ரிலிக் என்று அச்சடித்திருந்தது. அறுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் நான் அடித்த கூத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சத்தியம் செய்துவிட்டதால் சொல்கிறேன். பலகை அறுக்கிற பெரிய பல் ரம்பத்தை மோட்டாரில் மாட்டித் தகட்டைக் கொடுத்தேன். பயத்தில் மெதுவாகத் தள்ளினேன். ரம்பம் சூடேறி, அறுத்த இடம் பாகு மாதிரி உருகி, ரம்பம் தாண்டிப் போனதும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். மத்தியானச் சங்கு ஊதும்போது அந்தத் தகட்டை நீளவாக்கில் ஏழு தடவை அறுத்து முடித்திருந்தேன். தகடு ஒரே தகடாக இருந்தது. செல்லசாமி அளந்து பார்த்தான். அரை அங்குலம் வளர்ந்திருந்தது.

“அண்ணே, இன்னும் ரெண்டு நாளு அறுத்தீங்கன்னா தொரைக்கு ரெண்டு தகடாத் திருப்பிக் குடுத்துரலாம்.”

மறுநாள் பயத்தை விட்டுவிட்டு வேகமாகத் தள்ளினேன். பட்டிப்பொல உச்சிமலைக் குளிரெல்லாம் எங்கள் மலைக்கு இறங்கியிருந்த காலை அது. குளிர்ந்த தகடு முறுக்கு மாதிரி நொறுங்கியது. ஒரு துண்டு பறந்து போய்க் கூரைத் தகரத்தைத் துளைத்தது. அன்றைக்கு அந்த வழியாகப் பறந்த ஒரு காகத்துக்கு ஒரு பக்க மீசை போய்விட்டது. காகத்துக்கு மீசை உண்டா என்று கேட்காதீர்கள். அதற்கப்புறம் கிடையாது.

பிறகு நிதானமாக உட்கார்ந்து பழகிக்கொண்டேன். நெருக்கமான சின்னப் பல் ரம்பம், எல்லாப் பல்லும் ஒரே உயரம். தகட்டுக்கு மேலே பல் நுனி கொஞ்சம்தான் எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் முழு நீளத்துக்கும் பலகை கொடுத்து, அதிராமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கோட்டைக் காகிதத்தின் மேலேயே போட வேண்டும். தொடங்கினால் நடுவில் நிற்கக் கூடாது, அவசரப்படவும் கூடாது. ரம்பத்தின் சத்தமே சொல்லிவிடும். பாடினால் சரி, முனகினால் உருகுகிறது, கத்தினால் உடையப்போகிறது. கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ள வேண்டும். கையுறை ஆகாது, பல் உறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். துளை போடுகிற டிரில்லின் நுனியைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்ள வேண்டும், கீழே மரம் வைக்க வேண்டும். ரம்பம் மாற்றும்போது முதலில் கரண்டைப் பிடுங்கிவிட வேண்டும். கண்ணுக்கு, துரை மோட்டார்சைக்கிள் ஓட்டும்போது போடுகிற கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டேன், ஏனென்றால் அந்த வெள்ளைத் தூள் உடம்புக்குள் போவது நல்லதில்லை. இது எனக்கு முதல் வாரமே தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிர்தான் தொந்தரவு. தகடு கொஞ்சம் சூட்டோடு இருந்தால் நொறுங்காது. தோட்டத்திலேயே சூடான இடம் டிரையர் அறை. அங்கே ரம்பத்தை வைக்கலாமா என்று கனகலிங்கத்திடம் கேட்டேன். அவர் தகட்டைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் முகர்ந்தார். நாலு மூலையிலும் முகர்ந்தார். நாக்கை வைத்தும் பார்த்தார்.

“ஒரு மணமும் இல்லை. பூவை விட, எண்ணெயை விட உது சுத்தம். கொண்டுவந்து வையும் கந்தப்பன்.”

அவர் செய்தது முறைப்படி சரிதான். உள்ளே வருகிற எதையும் முகர்ந்து பார்த்து விடுவதுதான் ஸ்டோர் வழக்கம். அறுக்காத தகட்டுக்கு வாசம் கிடையாது. அறுக்கிறபோது வருகிற வாசம், அப்பப்பா, நுவரெலியாப் பேரிக்காயைக் கூடை கூடையாகக் கொட்டி மிதித்த மாதிரி இருக்கும். நான் அறுத்த வாரம் அவருக்குக் கடுமையான தடிமன், மூக்கடைப்பு. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு நடமாடினார்.

அந்த வாரத் தேயிலை கொழும்புக்குப் போனது. பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. பழுத்த பழ வாசம், இந்த மலையிலிருந்து இப்படி ஒரு தேயிலை வந்ததே இல்லை, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். துரை கனகலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கனகலிங்கம் கொழுந்தை வாட்டிய நேரத்தைப் பத்து நிமிஷம் கூட்டியதாக நினைவுபடுத்திச் சொன்னார். ஸ்டோர் முழுக்க ஒரே சிரிப்பு. நாகலெட்சுமி வாசல் ஆணிக்கே பூ வைத்தாள்.

அடுத்த வாரம் நான் அறுக்கவில்லை. அந்த வாரத் தேயிலை வெந்நீர் என்று மறுபடியும் கடிதம். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்கப்புறம் நான் செய்ததில் ஒரு தப்பும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. மறைப்புப் போட்டேன், அவ்வளவுதான். பெல்ட்டுக்கெல்லாம் போட்டு முடித்ததும் கொழுந்தை உருட்டுகிற ரோலருக்குப் போட்டேன். தராசுக்குப் போட்டேன். கடிகாரத்துக்கு, மணிக்கு, பிள்ளையார் படத்துக்கு, படத்தின் மறைப்புக்கு ஒரு மறைப்பு. கனகலிங்கத்தின் நாற்காலிக்கு மூன்று பக்கமும் போட்டேன், சளி பிடிக்காமல் இருக்குமென்று. துரை தகடு வரவழைத்துக்கொண்டே இருந்தார், வாரம் ஒரு லொறி. மெல்லிய தகடு பேரிக்காய், தடித்த தகடு அன்னாசி, ரம்பம் கொஞ்சம் மழுங்கியிருந்தால் கருப்பட்டி. கொழும்பில் என்ன வாசம் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற ரம்பத்தை மாட்டுவேன்.

ஆவணி மாதம் பரிசோதனை அதிகாரி திரும்ப வந்தார். உள்ளே நுழைந்து பத்தடிக்குள் மூன்று தடவை நெற்றியை முட்டிக்கொண்டார். இருக்கிறதே தெரியாது, அவ்வளவு சுத்தமான வெட்டு. இலங்கையிலேயே இவ்வளவு பத்திரமான ஸ்டோர் கிடையாது என்று புடைத்த நெற்றியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்திரம்தான். மிசினைத் தொட வேண்டுமென்றால் பதினெட்டுத் திருகாணி கழற்ற வேண்டும். யாரும் எதையும் தொடவில்லை.

நாகலெட்சுமிதான் முதலில் பிடித்தாள். தேயிலையில் ஆகப் பொடியான ரகத்தைத் தனியாகச் சலிப்பது அவள் வேலை.

“கந்தப்பண்ணே, சல்லடைக்கு அடியில பனி பேஞ்சிருக்கு.”

“குளிர் காலந்தானே நாகு.”

“ஸ்டோருக்குள்ளயா? டிரையர் பக்கத்துலயா?” விரலில் தொட்டு மோந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சல்லடையை ஆட்டத் தொடங்கினாள். “வாசமாத்தான் இருக்கு. அட்டைக்கு இது தேவல. நான் ஒண்ணும் பாக்கலீங்க.”

அவள் பெயரை எழுத வேண்டாம். அவள் பார்க்கவில்லை.

அந்தப் பொடி ரகம் கடல் தாண்டிப் போனது. சீமையில் எத்தனை வீட்டில் குடித்திருப்பார்கள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. கப்பலில் ஏறாமல் கடைசியாகக் கூட்டி அள்ளுகிற தூளை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களுக்கு அளந்து கொடுப்பார்கள். வெள்ளைத் தூள் ஆக அதிகமாக இருந்தது அதில்தான். குழந்தைகளுக்கெல்லாம் அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கார்த்திகையில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. கொழும்பிலிருந்து தேயிலை ருசி பார்க்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வியாழக்கிழமை நேரில் வருவார். அன்றைய தேயிலையைக் குடித்துப் பார்ப்பார். அவர் சரியென்றால் ஸ்டோர் நிற்கும், இல்லையென்றால் முப்பத்திரண்டு பேரும் மலைக்கு. என்னிடம் ஒரு துண்டுத் தகடுகூட இல்லை. வர வேண்டிய லொறி கினிகத்தேனையில் மண் சரிந்து அப்படியே நின்றுவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் மறைப்புகளைக் கழற்றினேன். முதலில் பிள்ளையார். பிறகு கடிகாரம், மணி, நாற்காலி. போதவில்லை. பெல்ட்டுகளுக்குப் போட்டதையும் கழற்றினேன். பட்டையாக அறுத்தேன், பட்டையை விரலாக அறுத்தேன், விரலைப் பல்லில் கொடுத்துப் பொடியாக்கினேன். வாசம் ஊறுவதற்கு நேரமில்லை. அதனால் அள்ளியே போட்டேன். நாலு கைத் தேயிலைக்கு ஒரு கை. கையுறை போட்டுக்கொண்டேன், கிட்டே ரம்பம் இல்லாததால் அதில் ஆபத்தில்லை.

வெள்ளைக்காரர் வந்தார். வரிசையாக நாற்பது கோப்பை வைத்தோம். ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்கள், உறிஞ்சி உருட்டித் துப்பிவிடுவார்கள். இவர் முதல் கோப்பையைத் துப்பினார். இரண்டாவதை யோசித்தார். மூன்றாவதிலிருந்து விழுங்கினார். முப்பதாவது கோப்பையில் பாட்டு முணுமுணுத்தார். நாற்பதாவதை முடித்துவிட்டு வாசலில் வெயிலுக்கு எதிரே நின்றபோது, அவர் காதின் வழியாக நோர்வூட் ரோடு தெரிந்தது. ஒரு பஸ் போனது. நான் அதன் நம்பரை வாசித்தேன்.

“ஸ்டோர் நிற்கட்டும்,” என்று துரையிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏறிய பிறகு அவர் இருந்த இடத்தில் தொப்பி மட்டும்தான் சரியாகத் தெரிந்தது.

அன்றைக்கு நாங்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. கனகலிங்கம் நாகலெட்சுமியைப் பூவோடு உள்ளே வரச் சொன்னார். செல்லசாமி தப்பு மேளத்தை எடுத்துவந்து டிரையர் சூட்டிலேயே தோலைக் காய்ச்சி அடித்தான். முப்பத்திரண்டு பேரும் சுற்றி நின்று ஆடினோம். பெல்ட்டுகளும் எங்களோடு ஓடிக்கொண்டிருந்தன, மறைப்பில்லாமல். லொறி வந்ததும் புதிதாக அறுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். லொறி திங்கட்கிழமை வந்தது. செல்லசாமியின் வலது கை சனிக்கிழமை போனது. கை என்றால் முழுக் கை இல்லை, இரண்டு விரல்.

நான் நியாயமாகக் கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு பேர், முன்னூற்றிருபது விரல். அதில் இரண்டு. மலையில் கவ்வாத்துக் கத்தி ஒரு வருஷத்தில் எடுப்பது இதைவிடக் கூட.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மருந்து மயக்கத்தில் சிரித்துக்கொண்டே இருந்தான்.

“அண்ணே, மறைப்ப எந்தப் பய கழட்டுனான்?”

“தெரியலடா.”

“எவனா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். வெரலு போனா என்ன, ஸ்டோருல அதெல்லாம் கணக்கா. மலைன்னா வெரலோட அட்டையும்ல.” கட்டுப்போட்ட கையை ஆட்டிக் காட்டினான். “இனிமே தப்பு அடிச்சா தாளம் கொஞ்சம் புதுசா வரும்.”

அவனே சந்தோஷமாக இருக்கும்போது நீங்கள் ஏன் மழையில் வந்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிட்டேன். மறைப்புகளைக் கழற்றியது நான். பொடியாக்கியது நான். உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தே தேயிலையில் கலந்து ஊரையும் சீமையையும் குடிக்க வைத்தது நான். செல்லசாமியின் விரலுக்கும் நான்தான் பொறுப்பு. கனகலிங்கம் ஐயாவுக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கும் தெரியாது. எல்லாம் ஸ்டோர் நிற்க வேண்டும் என்பதற்காக. நின்றுவிட்டது. ஒரு நாள்கூட நான் நனையவில்லை.

கையெழுத்துக்கு மேலே ஏதோ ஒரு கோடு காலியாக இருக்கிறதே, தொழிலா? எழுதிக்கொள்ளுங்கள்: மலையில் கவ்வாத்து வெட்டு, முப்பத்தொன்பது வருஷம். மலை ஆட்களை ஸ்டோருக்குள் விடுவதில்லை, அதன் வாசலை நான் தாண்டியதே இல்லை.